ஃப்ளோசார்ட் எதுக்கு சார் போடணும்?

பைத்தான் சொல்லிக் கொடுக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். லிஸ்ட் வரைக்கும் பசங்க குஷியாக வருவார்கள். ஃபைல் வந்ததும் லேசாக முழிப்பார்கள். ஃப்ளோசார்ட் என்று ஆரம்பித்தால் போச்சு. "நேரா டைப் பண்ணி ரன் பண்ணிடலாமே, படம் எதுக்கு சார்?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

ஃப்ளோசார்ட் நம்ம கம்ப்யூட்டரை விட வயதில் மூத்தது. ஃப்ராங்க் கில்பிரத், லில்லியன் கில்பிரத் என்ற அமெரிக்கத் தம்பதி 1921லேயே தொழிற்சாலை வேலை எப்படி நகர்கிறது என்று இந்த மாதிரி படம் போட்டுக் காட்டினார்கள். கம்ப்யூட்டருக்கான கணக்கைப் படமாக வரைந்து திட்டமிடும் வழக்கம் 1947ல் கோல்ட்ஸ்டைனும் வான் நாய்மனும் எழுதிய அறிக்கையிலிருந்து பரவியது.

இந்தியாவில் 1963ல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தது. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் அங்கேதான் ஃபோர்ட்ரான் சொல்லிக் கொடுத்தார். 1969ல் அவர் எழுதிய புரோகிராமிங் புத்தகத்தில் படித்துத்தான் நிறைய பேர் இந்தத் தொழிலுக்கே வந்தார்கள். நம்ம மெட்ராஸ் ஐஐடிக்கு 1973ல் ஐபிஎம் 370 வந்தது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மொத்த கேம்பஸுக்கும் ஒரே மெஷின். புரோகிராமை அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கணும். ஒரு கமா விட்டுப் போனால் கட்டு அப்படியே திரும்பி வரும், மறுபடியும் வரிசை. மெஷின் நேரம் தங்கம், காகிதம் மலிவு. அதனால் முதலில் காகிதத்தில் யோசித்தார்கள். அதற்கான கருவிதான் ஃப்ளோசார்ட்.

பைத்தான் பிறந்த சூழ்நிலை இதற்கு நேர் எதிர். ஆம்ஸ்டர்டாமில் ஏபிசி என்று ஒரு மொழி இருந்தது, புதுசாகக் கற்பவர்களுக்காகவே செய்தது. அதில் வேலை செய்த கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைத்தானை ஆரம்பித்து 1991ல் வெளியிட்டார். ஒரு வரி அடித்தால் உடனே பதில். காத்திருப்பே கிடையாது.

ஏபிசியில் இன்னொரு சமாச்சாரம் உண்டு. அதில் ஃபைல் என்ற தலைவலியே இல்லை! வேரியபிளில் வைத்தது அடுத்த நாள் வந்தாலும் அப்படியே இருக்கும். கற்பவர்களுக்கு சுகம். ஆனால் வேறு புரோகிராம் எழுதி வைத்த ஃபைலைத் தொட வழியில்லை. பைத்தான் அந்த சுகத்தை விட்டுவிட்டு ஃபைலைக் கொண்டு வந்தது. அதனால்தான் நம்ம பசங்க அந்தப் பாடத்தில் முழிக்கிறார்கள் :-)

சரி, நம்ம ஊர் பாடப்புத்தகத்துக்கு வருவோம். தமிழக அரசு 2018ல் பிளஸ் ஒன்னுக்கும் 2019ல் பிளஸ் டூவுக்கும் புதிய கணினி அறிவியல் புத்தகம் கொண்டு வந்தது. பிளஸ் ஒன்னில் ஃப்ளோசார்ட் வரும், கூடவே சி++. பைத்தான் பிளஸ் டூவில்தான். அதில் லிஸ்ட் 9வது பாடம், சிஎஸ்வி ஃபைல் 13வது பாடம். ஒவ்வொன்றும் நல்ல பாடம்தான். ஆனால் மூன்றும் மூன்று தனித்தனி மனப்பாடமாகி விடுகிறது. பிராக்டிகலுக்கு முந்தின நாள் புரோகிராமை வரி வரியாக உருப்போடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மேடவாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லிக் கொடுக்கிற பசங்களில் பாதிப் பேர் பக்கத்து பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, அப்பாவின் செல்போன் மட்டும்தான், அதுவும் ராத்திரி அவர் வந்த பிறகு. 1963 கான்பூருக்கும் இவர்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம் சொல்லுங்கள்? இவர்களுக்கும் மெஷின் நேரம் தங்கம்தான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல உதாரணம் கைகொடுத்தது. மெட்ராஸ் ஐஐடி 2020ல் ஆன்லைன் டிகிரி ஒன்று தொடங்கியது. அதில் பைத்தானுக்கு முன்னால் 'கம்ப்யூட்டேஷனல் திங்கிங்' என்ற பாடத்தை முடிக்க வேண்டும். நடத்துபவர்களில் ஒருவர் மாதவன் முகுந்த், இங்கே சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்காரர். அந்தப் பாடம் அட்டைக்கட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு அட்டைக்கு ஒரு மாணவரின் மார்க். ஒவ்வொன்றாக எடு, பார், 'பார்த்தாச்சு' குவியலில் போடு. அட்டை தீர்ந்ததா? அந்தக் கேள்விதான் டைமண்ட் கட்டம். லேப்டாப் இருக்கிறவர்களுக்கே காகிதத்தில் ஆரம்பிக்கிறார்கள்!

நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்துகொண்டேன். மேஜையில் பரப்பிய அட்டைகள் லிஸ்ட். கரண்ட் போனால் அவ்வளவுதான், மேஜை காலி. ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வைத்த கட்டு ஃபைல், அடுத்த வாரமும் இருக்கும். எந்த அட்டையை எப்போது எடுப்பது என்ற ஒழுங்கு ஃப்ளோசார்ட். மூன்று பாடமும் ஒரே விளையாட்டில் வந்துவிட்டது.

அட்டையில் விளையாடிய பிறகு செல்போனில் பத்து நிமிஷம் கிடைத்தாலும் போதும். என்ன அடிக்கணும் என்று தெரிந்துகொண்டே உட்கார்கிறார்கள். பிழை வந்தால் எந்தக் கட்டத்தில் தப்பு என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள். உருப்போட்டவனால் அது முடியாது.

ஆக, "படம் எதுக்கு சார்?" என்பதற்கு என் பதில் இதுதான்: கம்ப்யூட்டர் கையில் இல்லாத நேரத்திலும் புரோகிராம் எழுதலாம் தம்பி, அதுக்குத்தான்.