புத்தளத்தின் வசதிகளும் வதிவோரின் தொகையும்

1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து அவர்களை ஏற்ற புத்தளத்து மக்களின் விருந்தோம்பல் என்றும் நன்றியுடன் நினைவுகூரத்தக்கது.

ஆயினும் மக்கள் பெருகிய வேகத்தில் கிணறும் வகுப்பறையும் வைத்தியசாலைக் கட்டிலும் பெருகுவதில்லை. கற்பிட்டிக் குடாநாடு மணற்பாங்கானது. அங்கு நன்னீர் ஆழமற்ற படையாகவே நிலத்தடியில் தேங்கியுள்ளது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் ஏறும். மலசலகூடக் குழி கிணற்றை அண்டியிருந்தால் கழிவு கலக்கும். உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் நிதியுதவியுடன் 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம், வீட்டுடன் குடிநீரையும் மலசலகூடத்தையும் சேர்த்துக்கொண்டமை பொருத்தமானதே.

2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் பூர்வீக இடங்களுக்கு மீண்டனர். பலருக்கோ பதிவு ஓரிடத்திலும் வாழ்க்கை வேறிடத்திலுமாக அமைந்தது. 2019 நவம்பர் 16இல், ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்ற முஸ்லிம்களின் பஸ்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது.

பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கும் தாகம் உண்டு, நோயும் உண்டு. எனவே குடிநீரும் பாடசாலையும் மருத்துவமும் உண்மையில் வதிவோரின் தொகைக்கேற்பவே ஒதுக்கப்பட வேண்டும். அவ்வாறன்றேல் சுமை முழுவதும் விருந்தோம்பிய மக்கள் மீதே விழும். அதேவேளை, புத்தளத்தில் வசதி பெறுவது பூர்வீக மண்ணின் உரிமையைத் துறப்பதாகக் கொள்ளப்படலாகாது.