வேடமிட்டு வந்த உண்மை



எழுத்தாளனுக்கு வாய்ப்பூட்டு இடுவோர் அரசர் மட்டும் அல்லர். சில வேளைகளில் வணிகரும் இடுவர். அமெரிக்க நாட்டின் தொலைக்காட்சி நாடகாசிரியர் ராட் செர்லிங்கின் வரலாறு இதனை நமக்கு நன்கு விளக்குகிறது.

1924-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த செர்லிங், இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படைவீரராகப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் போரிட்டவர். போர் முடிந்தபின் ஓஹையோ மாநிலத்தில் கல்லூரியில் பயின்று, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதலானார். அக்காலத்தில் நாடகங்கள் பெரும்பாலும் நடிக்கும்பொழுதே நேரடியாக ஒளிபரப்பாயின. 1955 சனவரியில் வந்த அவருடைய ‘பேட்டர்ன்ஸ்’ பெற்ற வரவேற்பினால், நடிகர்கள் மறுமாதமே மீண்டும் கூடி அதனை நடித்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்தது. செர்லிங்கின் உள்ளம் கொதித்தது. அந்த அநீதியை நாடகமாக்க முனைந்தார்.

ஆயினும் நிகழ்ச்சிக்குப் பொருள் தந்தவை விளம்பர நிறுவனங்கள். தென்மாநில மக்கள் சினந்தால் தம் வாணிகம் கெடுமே என்று அவை அஞ்சின. ஆகவே 1956-இல் ஒளிபரப்பான நாடகத்தில் கதை வடகிழக்கு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது; கொலையுண்டவன் யாரோ ஓர் அயல்நாட்டான் ஆனான். கோகோ கோலா புட்டி தென்னாட்டை நினைவூட்டும் என்று அதுகூட அரங்கிலிருந்து அகற்றப்பட்டது! 1958-இல் அவர் மீண்டும் முயன்றார். அப்பொழுது கதை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குத் தள்ளப்பட்டு, மெக்சிகோ இளைஞன் ஒருவனின் கதையாயிற்று.

செர்லிங் சோர்ந்துவிடவில்லை. தாமே தயாரிப்பு நிறுவனம் ஒன்றை நிறுவி, 1959 அக்டோபரில் ‘தி டுவைலைட் ஸோன்’ என்னும் தொடரைத் தொடங்கினார். 1964 வரை ஒளிபரப்பான 156 கதைகளுள் 92 அவர் எழுதியவை. 1960-இல் வந்த ஒரு கதையில், அமைதியான தெருவொன்றில் விளக்குகள் அணைகின்றன. வேற்றுக் கோளினர் மனித வடிவில் வந்து கலந்திருப்பரோ என்ற ஐயம் எழுகிறது. அண்டை வீட்டார் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்துகின்றனர். ஓர் உயிரும் போகிறது. உண்மையான வேற்றுக் கோளினரோ குன்றின்மேல் நின்று வேடிக்கை பார்க்கின்றனர். இனவெறியையும் வீண் ஐயத்தையும் சாடும் இக்கதை, விந்தைக் கதையாகத் தோன்றியமையால் தடையின்றி வீடுதோறும் சென்றது. நரியையும் சிங்கத்தையும் பேசவைத்து அரசனுக்கு அறம் உரைத்த நம் பழங்கதை மரபை எண்ணிப் பாருங்கள்.

திரைப்படத்துறையிலும் இவ்வழியையே அவர் பின்பற்றினார். மைக்கேல் வில்சனுடன் இணைந்து அவர் திரைக்கதை எழுதிய ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ 1968-இல் வெளிவந்தது. குரங்குகள் ஆள, மனிதர் அடிமையாகும் அக்கதை, மனிதகுலத்தின் செருக்கையே கேள்விக்கு உள்ளாக்கியது. 1975-இல், தம் ஐம்பதாம் வயதில், செர்லிங் மறைந்தார்.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. கற்பனை அவருக்கு வழி திறந்தது உண்மையே. ஆனால் கொலையுண்ட அச்சிறுவனின் கதையை, அவனுக்குரிய ஊரில், அவனுக்குரிய இனத்தில் வைத்துச் சொல்ல அத்தொலைக்காட்சி அன்று இடந்தரவில்லை. வேடமிட்ட கதைகளைப் படிக்கும்பொழுது, அவ்வேடம் ஏன் தேவைப்பட்டது என்றும் கேளுங்கள். வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது என் கருத்து.