கூடை சுமக்கும் முதுகும் முள்ளந்தண்டுக் காசமும்



நானுஓயாவுக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது 1885ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே, கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்தினின்று வந்த மக்கள் இம்மலைகளில் குடியமர்த்தப்பட்டிருந்தனர். லயத்தில், ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பராவில் ஒரு குடும்பமே சமைத்து, உண்டு, உறங்கியது. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த அவ்வறையில் ஒருவர் இருமிய காற்றையே அனைவரும் சுவாசித்தனர். காசநோய்க்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறு வேண்டுமோ?

நெஞ்சுக் காசத்தை இருமல் காட்டிக்கொடுத்துவிடும். முள்ளந்தண்டிற் குடிபுகும் காசமோ பெரும்பாலும் இருமலின்றியே வளர்கிறது. நுரையீரலினின்று குருதிவழி சென்ற கிருமி, முள்ளெலும்பின் முன்பகுதியைச் சிறுகச் சிறுக அரிக்கிறது. எலும்பு முன்னோக்கிச் சரியக் கூன் விழுகிறது. சீழ் தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் செயலிழக்கின்றன. தொடக்கத்தில் தோன்றுவது முதுகுவலி ஒன்றே. நாள்முழுதும் கொழுந்துக்கூடை சுமப்பவளுக்கு முதுகு வலிப்பதை யார்தாம் நோயென்பர்?

எகிப்தில் மூவாயிரம் ஆண்டுகட்கு முன் பதப்படுத்தப்பட்ட ஒரு பூசகரின் உடலிலேயே இந்நோயின் வடு காணப்பட்டது. 1779இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பொட் இதனை விரித்தெழுதினார். அவர் பெயராலேயே இன்றும் இது வழங்குகிறது. எனினும், கிருமியை ரொபேர்ட் கொக் கண்டறிவித்தது 1882இல்தான். மருந்து தோன்றும்வரை நோயாளியை மாதக்கணக்கில் சாந்துக்கட்டிற் கிடத்துவதே வழக்கம். பெரட்டில் பேர் விழுந்தாலன்றிக் கூலியில்லாத ஒரு தோட்டத் தொழிலாளிக்கு இது மருத்துவமன்று, குடும்பத்தின் பட்டினி.

இந்நிலையை மாற்றிய ஆராய்ச்சிகளுள் ஒன்று, இம்மக்களின் முன்னோர் புறப்பட்ட தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் வீட்டிலிருந்தே நெஞ்சுக் காசத்தைக் குணப்படுத்தலாம் என 1959இல் காட்டியிருந்தது. 1975 முதல் 1978 வரை 304 முள்ளந்தண்டுக் காச நோயாளிகளை அங்கே ஆராய்ந்தனர். ஒரு சாராருக்கு அறுவையும் ஆறு மாத மருந்தும். ஏனையோர் படுக்கையின்றி நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் மாத்திரைகளை உண்டனர். பத்தாண்டின் பின் பார்த்தபோது, ஒன்பது மாதம் மருந்து மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 99 பேரும், அறுவை பெற்றவர்களில் 90 பேரும் நலமாயிருந்தனர். கத்தியை நம்பியிருந்தோருக்கு இது வியப்பாகவே இருந்திருக்கும்.

கால் சோர்ந்தவர்க்கும் கூன் மிகுந்தவர்க்கும் அறுவை இன்னும் வேண்டியிருக்கலாம். ஆதலால், வாரக்கணக்கில் தீராத முதுகுவலியுடன் மாலைக்காய்ச்சலும் உடல்மெலிவும் சேர்ந்தால், தைலம் தடவிக் காலம் போக்காது மருத்துவரிடம் செல்லவேண்டும். இலங்கை அரசு மருத்துவமனைகளில் இந்நோய்க்கான மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் நாளின் பேர் மட்டும் தொழிலாளிக்கு நட்டம்.