வினா இடம்மாறிய வரலாறு: யாழ்ப்பாணத்துச் சமயபாடம்

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர், தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், வரலாறு முதலியவற்றோடு சமயத்தையும் கட்டாய பாடமாகக் கற்கின்றனர். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்பவற்றுள் தத்தம் சமயத்துக்குரிய வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். தமிழர் கல்வியில் இது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று பலர் கருதினாலும், சமயத்துக்கெனத் தனிப் பாடவேளையும் தனிப் பாடநூலும் யாழ்ப்பாணத்தில் வேரூன்றி இரு நூற்றாண்டுகளே ஆகின்றன.

அதற்கு முன்பு திண்ணைப் பள்ளியில் சமயம் என்று ஒரு பாடம் இருக்கவில்லை. ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் நிகண்டையும் மனனம் செய்த பிள்ளைக்கு எழுத்தும் ஒழுக்கமும் கடவுள் வாழ்த்தும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. வளர்ந்தோர்க்கான சமயக் கல்வி கோயில் மண்டபத்தில், ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிக்க இன்னொருவர் பயன் சொல்லும் புராணபடனம் என்னும் வழக்கின் வழியே நிகழ்ந்தது. இவ்வழக்கு அச்சமூகத்தில் எத்துணை ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்வையே கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு அழைத்தது சான்றாகும்.

1814இல் வெஸ்லியன் மிஷனும் 1816இல் அமெரிக்க மிஷனும் வந்திறங்கிய பின்னர் இவ்வமைப்பு மாறத் தொடங்கிற்று. மணி அடித்துத் தொடங்கும் வகுப்பு, அச்சிட்ட நூல், நாள்தோறும் வேதாகமப் பாடம் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தன. 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி கணிதத்தையும் வானியலையும் தமிழிலக்கியத்தையும் உயர்ந்த தரத்தில் கற்பித்தது. ஆயினும் மதமாற்றம் என்னும் நோக்கத்துக்கு உயர் ஆங்கிலக் கல்வி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்ற எண்ணம் மிஷன் தலைமையில் வலுப்பெற, 1855இல் அது மூடப்பட்டது. சமயபாடத்தின் விளைவைப் பாடம் வகுத்தவரால் முன்கூட்டிக் கணிக்க முடிவதில்லை. அச்செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையே பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பி, கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார்.

வெஸ்லியன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879), மிஷன் பள்ளியின் வலிமை அதன் போதனைப் பொருளைவிடப் போதனை முறையிலேயே தங்கியிருப்பதைக் கண்டுகொண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை வகுப்பறையையும், அடுத்த ஆண்டில் சென்னையிலிருந்து கொணர்ந்த அச்சியந்திரம் நூலையும் தந்தன. பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் (1852) சைவ வினாவிடையும் வகுப்பறையின் தேவையை ஒட்டியே எழுந்தன. சமயபாடம் தமிழுக்கு அளித்த பெரும்பயன் இங்கேதான் உள்ளது: பிள்ளை வாசித்து விளங்கும்படி சந்தி பிரித்து, நிறுத்தக்குறியிட்டு, வழுவின்றி எழுதப்படும் உரைநடை ஒன்று பள்ளியின் தேவையால் உருப்பெற்றது.

சைவ வினாவிடை தனித்துக் கவனிக்கத்தக்கது. வினாவிடை வடிவம் சைவத்துக்குப் புதிதன்று. மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றான உண்மைவிளக்கம் அவ்வடிவிலேயே அமைந்தது. ஆனால் அந்நூலில் ஐயுற்று வினவுபவன் மாணாக்கன், விடையளிப்பவர் குரு. கத்தோலிக்கர் ஞானோபதேசம் என்று வழங்கும் முறையில், அதாவது சமயக் கொள்கையைச் சிறு வினாக்களாகப் பகுத்து மனனம் செய்விக்கும் முறையில், வினவுபவர் ஆசிரியர், விடையை ஒப்புவிப்பவன் மாணவன். வகுப்பறையில் நாவலரின் நூல் பயன்பட்டது இவ்விரண்டாம் முறையிலேயே. ஐயம் கேட்கும் உரிமை மாணவனிடமிருந்து ஆசிரியருக்கு இடம்மாறிய இச்சிறு மாற்றம், பின்வந்த சமயபாடம் முழுமைக்கும் அச்சாயிற்று. தென்னிலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த அமெரிக்கரான ஒல்கொட்டின் பௌத்த வினாவிடை 1881இல் வெளியாகிப் பௌத்தப் பள்ளிகளுக்குப் பாடநூலாயிற்று.

பின்னர் நிறுவனங்கள் பெருகின. 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியது, அடுத்த சில ஆண்டுகளில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது, சேர். பொன். இராமநாதன் 1913இல் பெண்களுக்கு மருதனார்மடத்தில் ஒரு கல்லூரியையும், 1921இல் ஆண்களுக்குத் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் மனச்சாட்சி விதியை, அதாவது பெற்றோர் விரும்பாத சமயபோதனைக்குப் பிள்ளையை உட்படுத்தலாகாது என்னும் விதியைச் சேர்த்தது. இவ்வளவும் சைவத்துக்குக் கிடைத்த நீதியே; ஆனால் அந்நீதி சைவருள் எல்லார்க்கும் கிட்டவில்லை. நாவலர் சாதி வரம்பை ஏற்றவர்; 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவிபெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்குமாறு அரசு பணித்தபோது, நாள்தோறும் தேவாரம் ஓதிய அதே ஊர்களிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த நாயனாரான நந்தனாரின் வரலாற்றைப் பாடமாகக் கற்பித்த சமூகம் அதனை வகுப்பறை வாங்கு வரை கொணர மறுத்தது, சமயபாடத்தின் பயனைப் புகழ்வோர் பெரும்பாலும் கடந்துசெல்லும் பக்கமாகும்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பள்ளிகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. மிஷன்களும் சைவ அமைப்புகளும் நடத்திய பள்ளிகளைப் பொறுப்பேற்ற அரசு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் சமயத்தைக் கற்பிக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்றது. மதமாற்ற அச்சத்துக்கு எதிராகப் பிறந்த சைவ பாடம், அவ்வச்சம் நீங்கிய பின்னரும் நிலைத்தது. பதிகம், பொருள், நாயன்மார் வரலாறு, கோயில் மரபு என்று அது மாணவருக்கு அளிக்கும் இலக்கியப் பழக்கம் சிறிதன்று. தமிழ்ப் பாடத்தில் இடம்பெறாத பல பாடல்களைப் பலர் வாழ்நாளில் கற்பது இப்பாடவேளையில்தான். எனினும் பரீட்சை வினாத்தாள், வினவுபவரை ஆசிரியரிடமிருந்தும் அப்பால், முகமறியாத பரீட்சகரிடம் கொண்டுசென்றுவிட்டது.

பல சமயப் பிள்ளைகள் கூடிப் படிக்கும் பள்ளிகளில் சமயபாட மணி அடித்ததும் வகுப்பு பிரிகிறது. சைவப் பிள்ளைகள் ஓர் அறைக்கும், கத்தோலிக்கப் பிள்ளைகள் மற்றோர் அறைக்கும், இஸ்லாமியப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கும் செல்கின்றனர். பாடவேளை முடிந்து அவர்கள் மீண்டும் ஒரே வாங்கில் வந்தமர்கையில், பக்கத்து அறையில் நடந்த பாடம் என்ன என்று ஒருவரையொருவர் வினவினால், உண்மைவிளக்கத்து மாணாக்கன் கேட்டது போன்ற வினாவாக அது இருக்கும், அதற்குப் புள்ளியில்லை.