பபிள்கம் மென்றால் ஜெயிலா? ஃபாரின் ஃப்ரெண்டிடம் அரட்டை அடிக்க சில விநோத மேட்டர்கள்!

ஆன்லைன் கேமில் ஒரு சிங்கப்பூர் ஃப்ரெண்ட், ஆபீஸ் ஜூம் காலில் ஒரு ஜப்பான்காரர்... 'ஹாய்' சொன்ன பிறகு என்ன பேசுறதுனு முழிக்கிறீங்களா? அவங்க ஊர்ச் சட்டம், லீவு, மியூசியம் பற்றிக் கேளுங்கள். பேச்சு தானாக நீளும். ஒரே ஒரு கண்டிஷன்... ரீல்ஸில் பார்த்ததை அப்படியே ஒப்பிக்காதீர்கள். அதில் நிறைய டூப்பு.

'நார்வேயின் லாங்இயர்பைன் ஊரில் செத்துப்போவது குற்றம்' என்று ஒன்று சுற்றுகிறதே, அப்படியொரு சட்டமே கிடையாது. அங்கே நிலம் வருஷம் முழுக்க உறைந்து கிடப்பதால் புதைத்த உடல் மக்காது. அதனால் சவப்பெட்டியோடு புதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் கதை.

சிங்கப்பூர் பபிள்கம் மேட்டர் மட்டும் நிஜம். ஆனால், மெல்லுவது குற்றமில்லை. வெளியிலிருந்து கொண்டுவருவதும் விற்பதும்தான் குற்றம். மென்று துப்பிய கம்மை மெட்ரோ ரயில் கதவு சென்சாரில் ஒட்டிவைக்க, கதவு மூடாமல் ரயில்கள் நின்றன. கடுப்பான அரசு 1992-ல் தடை போட்டது. 2004-ல் பல் மருத்துவத்துக்கும், சிகரெட்டை விடுவதற்குமான கம்முக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. முதல் தடவை சிக்கினாலே அபராதம் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை போகலாம். 'ஒரு பாக்கெட்தானே' என்று பையில் போடாதீங்க பாஸ்! வேப் இன்னும் சீரியஸ். 2018 முதல் அங்கே அதைக் கையில் வைத்திருந்தாலே குற்றம்.

பக்கத்து இலங்கைக்கு வருவோம். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' விடுமுறை. அன்று மதுக்கடைகளுக்குப் பூட்டு. டிரிப் பிளான் செய்யும்போது காலண்டரைப் பார்த்துவிடுங்கள். புத்தர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 2014-ல் கையில் புத்தர் டாட்டூவோடு வந்த பிரிட்டிஷ் பெண்ணை கொழும்பு விமான நிலையத்தில் கைது செய்து நாடு கடத்தினார்கள். அவர் சும்மா விடவில்லை. வழக்குப் போட்டார். 2017-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. ஜெயித்தது சரி, போன டூர் திரும்பி வருமா? புத்தர் டாட்டூ இருந்தால் முழுக்கைச் சட்டை போடுவதே புத்திசாலித்தனம். சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபியும் வேண்டாம்.

லீவு என்றால் ஜப்பான்காரரிடம்தான் கேட்க வேண்டும். மலைக்கு ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள் என வருஷத்துக்கு 16 தேசிய விடுமுறைகள். 'மலை தினம்' 2016-ல்தான் லிஸ்ட்டில் சேர்ந்தது. இதைவிட சூப்பர் இன்னொன்று. இரண்டு விடுமுறைகளுக்கு நடுவே ஒரே ஒரு வேலை நாள் மாட்டிக்கொண்டால், சட்டப்படி அதுவும் லீவு! 2019 மே 1-ல் புதிய பேரரசர் பதவியேற்றபோது இந்த விதி கைகொடுக்க, தொடர்ச்சியாக 10 நாள் லீவு. நம்ம ஊர்ல வியாழக்கிழமை தீபாவளி வந்தா வெள்ளிக்கிழமைக்கு மேனேஜரிடம் கெஞ்சுகிறோமே!

மியூசியத்தில் என் ஓட்டு குரோஷியாவுக்கு. தலைநகர் ஜாக்ரெபில் 'முறிந்த உறவுகளின் அருங்காட்சியகம்' இருக்கிறது. பிரேக்அப் ஆன ஒரு ஜோடி, 'சேர்ந்து வாங்கிய பொருள்களை என்ன செய்வது?' என்று யோசித்ததில் பிறந்தது. 2010-லிருந்து நிரந்தரமாக இயங்குகிறது. உலகம் முழுக்க காதலில் தோற்றவர்கள் அனுப்பிய பொருள்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் கதை. அதில் ஒரு கோடரி ரொம்ப ஃபேமஸ். பெர்லினைச் சேர்ந்த ஒருவர், தன்னைக் கழற்றிவிட்டு வேறொருவரோடு டூர் போன காதலியின் ஃபர்னிச்சரை தினம் ஒன்றாக அதை வைத்துத்தான் வெட்டித் தள்ளினாராம்.

பதிலுக்கு 'உங்க ஊர்ல என்ன ஸ்பெஷல்?' என்று கேட்பார்களே? டெல்லியில் 1992-ல் பிந்தேஷ்வர் பாதக் ஆரம்பித்த டாய்லெட் மியூசியத்தைச் சொல்லுங்கள். பிரெஞ்சு மன்னர் 14-ம் லூயியின் சிம்மாசன டாய்லெட் மாடல்கூட அங்கே இருக்கிறது!