வீடு தேடி வரும் மருந்து

எங்க கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011 வரை தனித்தனி நகராட்சி. அதுக்கப்புறம்தான் சென்னை மாநகராட்சியோட சேர்ந்தது. பெரிய வைத்தியம்னா ஸ்டான்லிக்குத்தான் போகணும். படுத்த படுக்கையா கிடக்கிறவங்களை எப்படித் தூக்கிட்டுப் போறது?

2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பது நம்மைப் போல மகளிர் குழுப் பெண்கள்தான். படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்சும், கை கால் வராதவர்களுக்கு பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர்றாங்க. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

ஆனால் அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான். அது சம்பளம் இல்லை. கம்பெனி வேலை கிடைச்சா போகத்தானே செய்வாங்க? மாத்திரையைத் தபாலில்கூட அனுப்பலாம். எந்தக் கிழவி அதை முழுங்காமல் தலையணைக்கு அடியில் வைக்கிறாள்னு தபால்காரருக்குத் தெரியாது. அவங்களுக்கு நிரந்தரச் சம்பளம் கேட்டு நம்ம கூட்டமைப்பு தீர்மானம் போடணும்.