ஃபியூஸ் போச்சு!

"மலருக்குப் பழைய மெட்ராஸ் கரண்ட் பற்றி ஏதாவது எழுதேன்" என்று போனில் உத்தரவிட்டார் நம் சங்கச் செயலாளர். கரண்ட் வந்த கதையைவிட கரண்ட் போன கதைதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஊரில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. வீட்டு விளக்கு பிறகுதான் வந்தது, மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி மூலம். அதை 1947-ல் அரசு எடுத்துக் கொண்டது. 1957-ல் மின்சார வாரியம் பிறந்தது.

எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் ஒரு மரப்பலகை, அதில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். எலெக்ட்ரீஷியன்கள் 'கிட்காட்' என்பார்கள். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி. எடிசன் 1880-ல் பேட்டன்ட் வாங்கிய சமாசாரம்தான். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு என்று லேபில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சுவரோரம் ஓடும் ஒயர் எரிவதற்கு முன்னால் தான் உருகிவிட வேண்டும், அந்தக் கம்பிக்கு அது ஒன்றுதான் வேலை. நம் வீடு மட்டும் இருட்டென்றால் இந்தக் கட்டையைப் பார்க்க வேண்டும். தெருவே இருட்டென்றால் முனையிலுள்ள பில்லர் பாக்ஸில் போயிருக்கும். 'ஃபியூஸ் ஆஃப் கால்' ஆபீசுக்கு ஓட வேண்டும்.

1978 கோடையில் வீட்டுக்கு கிரைண்டர் வந்தது. இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் டப்பென்று ஃபியூஸ் போகும். அப்பா ஒரு நாள் பொறுமை இழந்து நாலு இழையை முறுக்கிக் கட்டினார். "இனிமே போகாது பார்!" போகவே இல்லை. மூன்றாவது வாரம் பாட்டி கத்தினாள்: "சுவர் புகையறதுடா!" நான் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் ஒயர் மேல் இருந்த மரச்சட்டம் பாதி கருகிவிட்டது. பூஜை அறைத் திரைக்கும் அதற்கும் ஒரு சாண்தான்.

எலெக்ட்ரீஷியன் அந்த முறுக்கைப் பிரித்து அப்பா கையில் வைத்தார். "இது ஃபியூஸ் இல்ல சார், வெறும் கம்பி." அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பின்னால் தி.நகர் ஃபிளாட்டுக்குக் குடிபோனோம். அங்கே எம்.சி.பி. இதுவும் புதிதல்ல, ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸ் 1924-ல் பேட்டன்ட் வாங்கியது. மெதுவாக ஏறும் சுமைக்கு வளையும் இரட்டை உலோகத் தகடு, ஷார்ட் ஆனால் உடனே இழுக்கும் காந்தச் சுருள். கம்பி கட்டும் வேலை இல்லை, விசையைத் தூக்கிவிட்டால் போதும். இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பினேன்.

போன வருஷம் அடையாறில் அக்கா பையன் வீடு. ஏ.சி. போட்டால் டிரிப் ஆகிறதாம். யாரோ வந்து 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 மாட்டியிருந்தார்கள். ஒயர் என்னவோ பழைய 2.5 சதுர மில்லிமீட்டர்தான். "இப்ப டிரிப்பே ஆகறதில்ல மாமா" என்றான் பெருமையாக. அப்பாவின் குரலே கேட்டது.

பழையபடி 16 மாட்டி, ஏ.சி.க்குத் தனி ஒயர் இழுக்கச் சொன்னேன். செலவை என்னிடமே கேட்டான், கொடுத்தேன்.